ஊரடங்கும் தமிழ்ப் புனைவும்: தாம்பரம் புறநகரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கொரோனா பெருந்தொற்றையொட்டி 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் நடைமுறைப்படுத்தப்பட்ட ஊரடங்கு, தமிழ்ப் புனைவில் எவ்வாறு பதிவாகியுள்ளது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. முந்தைய பஞ்சங்களும் கொள்ளைநோய்களும் புனைவாவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. ஊரடங்கோ நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே புனைவாயிற்று. அவ்வாறு உடனடியாக எழுந்த புனைவுகள் பெரிதும் வீட்டின் அகத்தையே களமாகக் கொண்டன. வீட்டுக்குள் அடங்க இயலாதோரின் அனுபவம் அவற்றில் மிகக் குறைவாகவே இடம்பெற்றுள்ளது. காசநோய் மருத்துவமனையால் அறியப்பட்ட தாம்பரம் புறநகரின் வரலாற்றை ஒப்புநோக்காகக் கொண்டு, இவ்விடைவெளிக்கான காரணங்களும் அதனால் நேரக்கூடிய நினைவிழப்பும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஊரடங்கு, கொள்ளைநோய், தனிமைப்படுத்தல், தமிழ்ச் சிறுகதை, தாம்பரம் சானடோரியம், புறநகர்.

1. முன்னுரை

தமிழ்நாட்டில் கொரோனா தொற்று முதன்முதலாக 2020 மார்ச் 7 அன்று உறுதிசெய்யப்பட்டது. மார்ச் 24 மாலை மாநில அளவில் 144 தடையுத்தரவும், மறுநாள் முதல் நாடு தழுவிய ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தன. 21 நாள்களுக்கு என அறிவிக்கப்பட்ட அடைப்பு பல கட்டங்களாக நீண்டது. சென்னையிலும் அதனையொட்டிய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டப் பகுதிகளிலும் 2020 ஜூன் 19 முதல் மீண்டும் முழு ஊரடங்கு நிலவியது. இரண்டாம் அலையின்போது 2021 மே மாதத்தில் மாநிலம் முழுவதும் மறுபடியும் அடைக்கப்பட்டது.

இக்கட்டுரையாளர் செம்பாக்கத்தில் வசிப்பவர். அன்று தனி நகராட்சியாக இருந்த செம்பாக்கம், 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. சென்னையில் வேலையும் சென்னைக்கு வெளியே வீடுமாக வாழும் மக்களே இங்கு மிகுதி. ஆகவே ஊரடங்கு என்பது இப்பகுதியினருக்கு வீட்டுக்குள் இருத்தல் மட்டுமன்று. இரயில் நின்றுபோதலும் ஆகும். கடற்கரை – தாம்பரம் மின்தொடர்வண்டி 1931ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. தென்சென்னைப் புறநகர் உருவானதே அத்தடத்தைப் பற்றிக்கொண்டுதான். 2020 மார்ச் இறுதியில் நிறுத்தப்பட்ட புறநகர் இரயில்கள், அக்டோபர் 5 அன்றுதான் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டுமென மீண்டும் இயங்கின. இடைப்பட்ட ஆறு மாதங்களுக்கு மேலான காலம், இப்புறநகரின் வரலாற்றில் தனித்து ஆராயத்தக்கது.

அக்காலம் புனைவில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது? எழுதப்பட்டதில் யார் உள்ளனர், யார் இல்லை? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் அடிப்படை.

2. ஊரடங்கு என்னும் சொல்

ஆய்வுப்பொருளுக்குள் நுழையுமுன் சொல்லின் வரலாற்றை நோக்குதல் தகும். ஊர் அடங்குதல் என்பது பேச்சுவழக்கில் இரவின் ஒரு பொழுதைக் குறிப்பது. ஊர் அடங்கிய பிறகு என்றால் விளக்கணைந்து மக்கள் உறங்கச் சென்ற நேரம் என்பது பொருள். அடங்குதல் இங்கு இயல்பாக நிகழ்வது. எவரும் ஆணையிட்டு நிகழ்வதன்று. பின்னர் கலவரக் காலங்களில் அரசு பிறப்பிக்கும் நடமாட்டத் தடையைக் குறிக்க ஊரடங்கு உத்தரவு என்னும் தொடர் அமைந்தது. 2020இல் இச்சொல் நோய்த்தடுப்புக்கான அடைப்பையும் குறிக்கலாயிற்று. நாளிதழ்களிற் சில பொது முடக்கம் என்னும் தொடரைக் கையாண்டபோதிலும், மக்கள் வழக்கில் நிலைத்தது ஊரடங்கே.

இலங்கைத் தமிழருக்கு இச்சொல்லின் கனம் வேறு. போர்க்காலம் முழுதும் ஊரடங்குச் சட்டம் என்பது இராணுவத்தின் இருப்போடு பிணைந்த சொல்லாக இருந்தது. 2020 மார்ச் 20 அன்று இலங்கையில் நோய்த்தடுப்புக்காகப் பிறப்பிக்கப்பட்டதும் காவல்துறை ஊரடங்கேயாகும். எனவே ஒரே சொல்லைக் கேட்ட தாம்பரத்து வாசகரும் யாழ்ப்பாணத்து வாசகரும் ஒரே நினைவை அடைந்திருக்க இயலாது. முன்னவருக்கு அது புதிய அனுபவத்தின் பெயர். பின்னவருக்கோ பழைய அச்சத்தின் மறுவருகை. ஊரடங்குப் புனைவைத் தமிழ்ப் புனைவு என ஒருமையில் பேசும்போது இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

கொள்ளைநோய் என்னும் பழைய சொல்லும் நோக்கத்தக்கது. உயிர்களைக் கொள்ளையிட்டுச் செல்வது எனும் உருவகம் அதில் உறைந்துள்ளது. பெருந்தொற்று, தீநுண்மி, சமூக இடைவெளி முதலிய புதிய சொற்கள் மருத்துவத்தின் மொழியையும் நிர்வாகத்தின் மொழியையும் சார்ந்தவை. கொள்ளைநோய் என்ற சொல்லில் இருந்த துயரம் இவற்றில் இல்லை. அறிவிப்புப் பலகையிலிருந்து வந்த சொற்களைக் கொண்டே வீட்டுச் சாவுகளையும் பேசவேண்டிய நிலை அக்காலத்தவர்க்கு நேர்ந்தது. புனைவாசிரியர் எதிர்கொண்ட முதல் இடர்ப்பாடு இதுவே எனலாம்.

3. நோயை ஊருக்கு வெளியே வைத்தல்: தாம்பரம் சானடோரியம்

தனிமைப்படுத்தல் தாம்பரம் பகுதிக்குப் புதியதன்று. இங்கிலாந்தில் காசநோய்ச் சிகிச்சை இல்லம் நடத்திய மருத்துவர் டேவிட் சௌரி முத்து, 1928ஆம் ஆண்டு தாம்பரத்தில் காசநோயாளிகளுக்கான சானடோரியம் ஒன்றை நிறுவினார். 1937இல் அதனைச் சென்னை மாகாண அரசு ஏற்றுக்கொண்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரிலிருந்து தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்ததும் அதே ஆண்டில்தான். நகரின் நெரிசலுக்கு அப்பாற்பட்ட காடும் காற்றும் என்ற ஒரே காரணம், ஒருபுறம் மாணவர்களையும் மறுபுறம் நோயாளிகளையும் இங்கு கொண்டுவந்தது.

காசநோய்க்கு மருந்து காணப்படாத காலத்தில் தூய காற்று, வெயில், ஓய்வு, சத்துணவு ஆகியவையே சிகிச்சையாயிருந்தன. அச்சிகிச்சைக்கு மற்றொரு முகமும் உண்டு. நோயாளியைக் குடும்பத்திலிருந்தும் ஊரிலிருந்தும் பிரித்து வைத்தலே அது. இவ்விரு முகங்களையும் மாற்றியமைத்த ஆய்வும் சென்னையிலேயே நிகழ்ந்தது. 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் மேற்கொண்ட ஆய்வின் முடிவுகள் 1959இல் வெளியாயின. வீட்டிலிருந்தபடியே மருந்துண்ட நோயாளிகள், சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றோர்க்கு ஏறத்தாழ இணையான பலனை அடைந்தனர் என்பதையும், அதனால் வீட்டாருக்குத் தொற்று மிகுதியாகப் பரவவில்லை என்பதையும் அவ்வாய்வு நிறுவியது. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட ஆய்வு இது. உலகெங்கும் சானடோரியங்களின் தேவை குறைந்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

சென்னையில் 1986இல் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால் எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 1990களில் தாம்பரம் மருத்துவமனை அந்நோயாளிகளின் புகலிடமாயிற்று. 2020இல் அதே வளாகம் கொரோனா நோயாளிகளையும் ஏற்றது. சானடோரியம் பகுதியிலேயே 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அவ்வாண்டில் வீடுதோறும் பேசப்பட்ட கபசுரக் குடிநீரோடு இணைத்து அறியப்பட்டது. ஆக, நகரம் தன் நோயை எங்கே வைப்பது என்ற வினாவிற்கு 90 ஆண்டுகளுக்கும் மேலாகத் தாம்பரமே விடையாக இருந்துவந்துள்ளது.

இவ்வளவு நீண்ட வரலாறு இருந்தும், பொதுநினைவில் எஞ்சியிருப்பது தாம்பரம் சானடோரியம் என்னும் இரயில் நிலையப் பெயர் மட்டுமே. குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே நாள்தோறும் அப்பெயர் ஒலிபெருக்கியில் கேட்கிறது. ஏறி இறங்கும் பயணிகள் பலர்க்கு அது பொருளற்ற ஓர் இடப்பெயர். அங்கே மாதக்கணக்கில் வீட்டை விட்டுப் பிரிந்து கிடந்தோர் என்ன நினைத்தனர், யார் வந்து பார்த்தனர், திரும்பிச் சென்றபோது ஊர் எவ்வாறு ஏற்றது என்பவற்றைச் சொல்லும் புனைவு மரபு ஒன்று உருவாகியிருந்தால் அப்பெயர் இவ்வளவு எளிதில் வெறும் ஒலியாகியிருக்காது.

4. நோய்ப் புனைவின் முன்வடிவங்கள்

தமிழில் பெருந்துயர்களைப் பாடும் மரபு பழைமையானது. அம்மை நோய் மாரியம்மனின் வருகையாகக் கொள்ளப்பட்டது. தாலாட்டாகவும் வேண்டுதலாகவும் பாடல்கள் எழுந்தன. 1896இல் பம்பாயில் தோன்றிப் பரவிய பிளேக், கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்களை விட்டுச்சென்றது. நோயை எதிரியாக மட்டும் கருதாது, வீட்டிற்கு வந்த தெய்வமாக ஏற்று வழியனுப்பும் மனநிலை இது. தாது வருடப் பஞ்சத்தைப் (1876–78) பொருளாகக் கொண்டு வில்லியப்ப பிள்ளை இயற்றிய பஞ்சலட்சணத் திருமுக விலாசம் 1899இல் அச்சாயிற்று. பசியையும் அதிகாரத்தையும் எள்ளல் சுவையோடு பேசிய அந்நூல், துயரைச் சிரிப்பின் வழியே கடத்தும் வேறொரு மரபைக் காட்டுகிறது.

உரைநடைப் புனைவுக்கு வரும்போது, நோய் பெரும்பாலும் உழைப்புக்காக இடம்பெயர்ந்தோரின் கதையில் இடம்பெறுவதைக் காண்கிறோம். மணிக்கொடியில் 1935இல் வெளியான புதுமைப்பித்தனின் துன்பக்கேணி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்லும் மருதியின் வாழ்வையும் அவள் உடல் நோயுறுவதையும் கூறுகிறது. அத்தொழிலாளர்கள் கடல் கடக்குமுன் மண்டபம் முகாமில் சில நாள் தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற்குப் பின் தாயகம் திரும்பியோரும், 1983க்குப் பின் ஏதிலியராக வந்தோரும் அதே மண்டபத்தில்தான் தங்கவைக்கப்பட்டனர். நோய்த்தடுப்புக்கென அமைந்த இடம், பின்னர் மனிதரைத் தடுத்துவைக்கும் இடமாகத் தொடர்ந்தமைக்கு இது சான்று.

ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய ரெட் டீ 1969இல் வெளியாயிற்று. இரா. முருகவேள் அதனை எரியும் பனிக்காடு எனத் தமிழாக்கினார். 1920களின் தோட்டத் தொழிலாளர் கொத்துக்கொத்தாய் நோயில் மடிவதை அந்நாவல் விவரிக்கிறது. மருத்துவரே எழுதியதாயினும், நோயின் காரணத்தைக் கிருமியில் மட்டும் தேடாமல் குடியிருப்பிலும் கூலியிலும் கடனிலும் அது தேடுகிறது.

பிற இந்திய மொழிகளிலும் இத்தகைய படைப்புகள் உள. ஒடியாவில் பகீர் மோகன் சேனாபதியின் ரேபதி (1898), காலராவினால் ஒரு குடும்பம் அழிவதைக் கூறுவது. கன்னடத்தில் யு. ஆர். அனந்தமூர்த்தியின் சம்ஸ்காரா (1965), பிளேக்கில் இறந்தவனின் உடலை யார் எரிப்பது என்ற சிக்கலை மையமாக்கியது. உருதுவில் ராஜிந்தர் சிங் பேடி எழுதிய குவாரண்டைன் என்னும் சிறுகதை நம் ஆய்வுக்கு மிக நெருக்கமானது. பிளேக்கைக் காட்டிலும் தனிமைப்படுத்தும் முகாமின் அச்சமே மக்களைக் கொல்கிறது என்பது அக்கதையின் களம். அதன் மையம் மருத்துவர் அல்லர். அஞ்சாமல் நோயாளிகளிடையே பணியாற்றும் துப்புரவுத் தொழிலாளியான பாகுவே.

5. நிகழ்வுக்கும் புனைவுக்கும் இடைப்பட்ட காலம்

மேற்கண்ட படைப்புகளின் காலத்தை ஒப்பிட்டால் ஒரு செய்தி புலப்படுகிறது. பஞ்சலட்சணத் திருமுக விலாசம் பஞ்சத்திற்கு 20 ஆண்டுகளுக்குப் பின்னரே அச்சேறியது. ரெட் டீ தான் கூறும் காலத்திற்குச் சுமார் 40 ஆண்டுகள் பின்னர் வந்தது. தாது வருடப் பஞ்சத்தைச் சென்னைக் களத்தில் வைத்துப் பேசும் ஜெயமோகனின் வெள்ளை யானை 2013இல் வெளியானது. ஆங்கிலத்தில் டேனியல் டீஃபோ, 1665ஆம் ஆண்டு இலண்டன் பிளேக்கைப் பற்றிய தம் நூலை 1722இல்தான் வெளியிட்டார். பெருந்துயர் புனைவாக முதிர்வதற்கு ஒரு தலைமுறையேனும் தேவைப்பட்டுள்ளது.

எழுதப்படாமலே போவதும் உண்டு. 1918–19ஆம் ஆண்டுகளின் இன்ஃபுளுவென்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1911க்கும் 1921க்கும் இடையே இந்திய மக்கள்தொகை குறைந்ததாகக் கணக்கெடுப்பு காட்டுவதற்கு அதுவே தலையாய காரணம். அத்தனை பெரிய சாவு, தமிழில் பெயர் சொல்லி நினைவுகூரத்தக்க ஒரு நாவலையும் தரவில்லை. தமிழ்ச் சிறுகதை அப்போதுதான் உருக்கொண்டு வந்தது என்பது ஒரு காரணமாகலாம். ஆயின் அடுத்து வந்த மணிக்கொடித் தலைமுறையும் அதனைப் பெருங்களமாகக் கொள்ளவில்லை. இறந்தோரிற் பெரும்பாலோர் எழுத்தறிவுக்கு வெளியே இருந்த ஏழைகள் என்பதையும் கருத்திற்கொள்ளவேண்டும். துயரின் அளவு பெரிதாயிருத்தல் மட்டும் புனைவைத் தோற்றுவிப்பதில்லை. துயருற்றோரின் குரல் அச்சை எட்டும் வழியும் வேண்டும்.

6. உடனடிப் புனைவும் அதன் உற்பத்திச் சூழலும்

கொரோனா ஊரடங்கு இவ்வகையில் வேறுபட்டது. அடைப்பு நீங்குமுன்னரே அது புனைவாயிற்று. 2020 மே மாதத்தில் கௌதம் வாசுதேவ் மேனன் இயக்கிய கார்த்திக் டயல் செய்த எண் என்னும் குறும்படம் வெளியானது. தொலைபேசி வழியே இருவர் உரையாடுவதே படம். படப்பிடிப்பும் கைபேசியில் நிகழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று ஐந்து குறும்படங்களின் தொகுப்பான புத்தம் புது காலை அமேசான் பிரைம் தளத்தில் வெளியிடப்பட்டது. இரண்டாம் ஊரடங்கைக் களமாகக் கொண்ட புத்தம் புதுக் காலை விடியாதா 2022 ஜனவரியில் வந்தது.

இவ்விரு தொகுப்புகளிலும் உள்ள பத்துக் கதைகளைக் களம் நோக்கி வகைப்படுத்தினால், பெரும்பாலானவை வீட்டினுள் நிகழ்வன. முதுமையில் மீண்டும் சந்திக்கும் காதலர், பிரிந்திருந்த தாத்தாவும் பேத்தியும், நினைவிழந்த தாயைச் சூழ்ந்த மகள்கள், ஒருவரோடொருவர் பேசாத கணவன் மனைவி, தந்தையின் மறைவை எதிர்கொள்ளும் மகள் எனக் குடும்ப உறவின் சீரமைப்பே அவற்றின் பொருள். ஊரடங்கு அங்கே தடையாக அன்றி வாய்ப்பாக வருகிறது, பேசாதோரைப் பேசவைக்கிறது. தெருவுக்கு வருவோர் சிலரே. கார்த்திக் சுப்பராஜின் மிராக்கிள் படத்தில் பசித்த திருடர் இருவர் வருகின்றனர். பாலாஜி மோகனின் முகக்கவச முத்தம் படத்தில் சோதனைச்சாவடிக் காவலர் இருவர் வருகின்றனர். ஊரடங்கின் தெருவில் எஞ்சியவர் திருடரும் காவலருமே என்பதுபோன்ற தோற்றம் இதனால் ஏற்படுகிறது.

இதனைப் படைப்பாளிகளின் அக்கறையின்மை எனக் கூறிவிடல் நேர்மையாகாது. முதல் தொகுப்பு, படப்பிடிப்புக் கட்டுப்பாடுகள் நிலவிய காலத்தில், மிகச் சிறிய குழுவுடன் எடுக்கப்பட்டது. ஓரிரு நடிகர், ஒரு வீடு, இயற்கை ஒளி என்ற எல்லைக்குள் எடுக்கக்கூடிய கதையே எழுதப்பட்டது. வீட்டின் அகம் ஊரடங்குப் புனைவின் களமானதற்கு நோக்கம் மட்டுமன்றிச் சூழலும் காரணம். ஊரடங்கு தன்னைப் பற்றிய புனைவின் வடிவத்தைத் தானே விதித்தது.

அச்சுலகில் நேர்ந்ததும் இங்குக் கூறத்தக்கது. போக்குவரத்து நின்றதால் வார இதழ்கள் கடைகளை எட்டுதல் அரிதாயிற்று. 1941இல் தொடங்கப்பட்ட கல்கி இதழின் அச்சுப் பதிப்பு 2020இல் நின்றது. ஆண்டுதோறும் ஜனவரியில் கூடும் சென்னைப் புத்தகக் காட்சி 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிற்று. கதைக்கான பொழுது மக்களுக்கு மிகுந்த அதே காலத்தில், சிறுகதையைத் தாங்கிவந்த அச்சு மேடை சுருங்கியது. அவ்விடத்தை இணையதளங்களும் திரைத் தளங்களும் நிரப்பின. அத்தளங்களை அடைவதற்குக் கைபேசியும் இணைய இணைப்பும் கட்டணமும் வேண்டும். ஆகவே வாசகர் வட்டமும் வீடும் வசதியும் உடையோர் பக்கமே சாய்ந்தது.

7. நோயைச் சொல்லாத நூறு கதைகள்

ஊரடங்குக் காலத் தமிழ்ச் சிறுகதையில் அளவாலும் பரப்பாலும் தனித்து நிற்பது ஜெயமோகனின் புனைவுக் களியாட்டு என்னும் வரிசை. 2020 மார்ச் மாதம் தொடங்கி, சில மாதங்களுக்குள் நூறு சிறுகதைகளை அவர் தம் இணையதளத்தில் நாள்தோறும் வெளியிட்டார். பின்னர் அவை நூல்களாயின. இவ்வரிசையின் குறிப்பிடத்தக்க இயல்பு, இக்கதைகளிற் பெரும்பாலானவை நோயையோ ஊரடங்கையோ பேசாதிருப்பதே. தொலைபேசித் துறை ஊழியர், திருவிதாங்கூர் வரலாறு, குமரி மாவட்டச் சிற்றூர்கள், இமயப் பௌத்தம், துப்பறிதல் என அவற்றின் களங்கள் விரிகின்றன. மலையும் காடும் கோபுர உச்சியும் நெடும்பயணமும் அவற்றில் மிகுதி.

ஊரடங்கைப் பேசாத கதைகளை ஊரடங்குப் புனைவு எனலாமா என்ற வினா இங்கு எழுகிறது. எனலாம் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. 1348ஆம் ஆண்டுப் பிளேக்கைப் பின்னணியாகக் கொண்ட பொக்காச்சியோவின் டெக்கமரான் இதற்கு முன்னோடி. நகரை நீங்கிச் சென்ற பத்துப் பேர் நூறு கதைகளைச் சொல்கின்றனர். தொடக்கத்தில் நோயின் கொடுமை விரிவாகக் கூறப்பட்ட பின், கதைகள் காதலையும் தந்திரத்தையும் நகைப்பையும் நோக்கிச் செல்கின்றன. அடைபட்டோர் விரும்பியது தம் அறையின் சித்திரத்தை அன்று. அறைக்கு அப்பாலுள்ள உலகை. ஒரு காலத்தின் புனைவு அக்காலத்தின் நிகழ்வை மட்டுமன்றி, அக்காலத்தவரின் ஏக்கத்தையும் பதிவுசெய்கிறது. அவ்வகையில், தெருவில் இறங்க இயலாத மாதங்களில் எழுதப்பட்ட மலைப்பயணக் கதை, ஊரடங்கின் நேரடிச் சான்றே ஆகும்.

எனினும் ஓர் எல்லை உண்டு. நூறு ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர் ஒருவர் 2020ஆம் ஆண்டைப் புனைவின் வழியே அறிய முற்பட்டால், ஏக்கத்தின் சான்றும் குடும்ப நல்லிணக்கத்தின் சான்றும் அவருக்குக் கிட்டும். பசி, நடை, வாடகை, அடக்கம் மறுக்கப்பட்ட உடல் ஆகியவற்றின் சான்றை அவர் வேறிடத்தில் தேடவேண்டியிருக்கும்.

8. வீட்டுக்குள் அடங்காதவர்கள்

வீட்டிலிருங்கள் என்ற அறிவுரை வீடு உடையோரை நோக்கியது. தென்சென்னைப் புறநகரின் அடுக்ககங்களைக் கட்டிவந்த தொழிலாளரிற் பலர் ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், சார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தோர். அவர்தம் இருப்பிடம் அவர்கள் கட்டிக்கொண்டிருந்த கட்டடமே. வேலை நின்றபோது கூலியும், சில இடங்களில் தங்குமிடமும் ஒருங்கே நின்றன. 2020 மே மாதம் முதல் சிறப்பு இரயில்கள் அவர்களை ஊருக்கு ஏற்றிச்சென்றன.

இக்கட்டுரையாளர் வசிக்கும் தெருவில், பாதியில் நின்ற ஓர் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் நான்கு ஒடியக் குடும்பங்கள் தங்கியிருந்தன. ஏப்ரல் மாதத்தில் நியாயவிலைக் கடையில் ஆயிரம் ரூபாயும் அரிசியும் பெறுவதற்கு டோக்கன் வழங்கப்பட்டபோது, குடும்ப அட்டை இல்லாத அவர்கள் அவ்வரிசையில் நிற்கவில்லை. தெருவினர் சிலர் அரிசியும் பருப்பும் கொடுத்தனர். மே மாத நடுவில் ஒருநாள் காலை அவர்கள் அங்கு இல்லை. செங்கல் அடுப்பும், கொடியில் மறந்துவிட்ட ஒரு சிறுவனின் சட்டையும் எஞ்சியிருந்தன. இரண்டு மாதம் எதிர்வீட்டில் வாழ்ந்தவர்களின் பெயரை இக்கட்டுரையாளர் உட்படத் தெருவில் எவரும் கேட்டறிந்திருக்கவில்லை. இதனை இங்குக் குறிப்பிடுவது இரக்கத்தைத் தூண்டுதற்கன்று. புனைவில் அவர்கள் இல்லாமைக்கான காரணத்தின் தொடக்கம் இங்கேயே உள்ளது என்பதைச் சுட்டுதற்கே. பெயர் அறியாதோரைப் பாத்திரமாக்குதல் கடினம். மொழி அறியாதோரைப் பேசவைத்தல் அதனினும் கடினம்.

தூய்மைப் பணியாளர் நிலையும் ஒப்பிடத்தக்கது. ஊரே அடங்கியிருந்த நாள்களில் வைகறையில் தெருவுக்கு வந்தவர்கள் அவர்கள். தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் குப்பையைத் தொட்டவர்களும் அவர்களே. பேடியின் பாகுவுக்கு நிகரான ஒரு மையப்பாத்திரம், ஊரடங்கைச் சொல்லும் தமிழ்ப் புனைவில் இன்னும் நிலைபெறவில்லை. சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 7 அன்று தொடங்கிய அடைப்பின்போது, தங்கும் விடுதிகளில் அடைபட்ட வெளிநாட்டுத் தொழிலாளரிடையேதான் தொற்று மிகுதியாயிருந்தது. அவர்களுள் தமிழரும் பலர். அங்கே இடம்பெயர்ந்தோர் நாம். இங்கே இடம்பெயர்ந்து வந்தோர் அவர்கள். துன்பக்கேணியின் மருதியை எழுதிய மொழிக்கு, செம்பாக்கத்தில் செங்கல் சுமந்த ஒடியப் பெண்ணை எழுதும் கடமை உண்டு என்று கூறுதல் மிகையாகாது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு.

தமிழில் கொள்ளைநோயும் பஞ்சமும் நிகழ்ந்து நெடுங்காலம் கழித்தே புனைவாகியுள்ளன. 1918ஆம் ஆண்டு இன்ஃபுளுவென்சா போன்றவை ஏறத்தாழ எழுதப்படாமலே நின்றன. கொரோனா ஊரடங்கு உடனடியாகப் புனைவாயினும், படைப்புச் சூழலும் வெளியீட்டுத் தளமும் அப்புனைவை வீட்டின் அகத்திற்குள் நிறுத்தின. நோயைச் சொல்லாத கதைகளும் ஊரடங்கின் சான்றுகளே. ஆயினும் அவை அடைபட்டோரின் ஏக்கத்துக்குச் சான்றாகுமேயன்றி, அடையப் புகலிடமற்றோரின் அனுபவத்துக்குச் சான்றாகா.

பெருந்துயர் முதிர்ந்த புனைவாவதற்குக் காலம் தேவை என்பது உண்மையாயின், ஊரடங்கின் பெருநாவல் இன்னும் எழுதப்படாமலிருப்பது குறையன்று. ஆனால் 40 ஆண்டுகள் கழித்து எழுதப்போகும் ஒருவருக்கு மூலப்பொருள் எஞ்சியிருக்கவேண்டும். டேனியலுக்குத் தாமே மருத்துவம் பார்த்த தொழிலாளரின் நினைவு இருந்தது. டீஃபோவுக்குச் சாவுப் பட்டியல்கள் இருந்தன. நமக்கு என்ன இருக்கும்? பெட்டிக்கடைக் கடன் நோட்டு, இ-பாஸ் மறுக்கப்பட்ட குறுஞ்செய்தி, நியாயவிலைக் கடையின் டோக்கன், தூய்மைப் பணியாளரின் வருகைப் பதிவேடு, மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்ட கடைசிக் குரல் பதிவு ஆகியவை வரலாற்றாவணங்களாக இன்று எவராலும் கருதப்படுவதில்லை. கைபேசி மாறும்போது குரல் பதிவு அழிகிறது. கடை கைமாறும்போது நோட்டு எடைக்குப் போகிறது.

ஆதலின் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் இணைந்து, ஊர்வாரியாக ஊரடங்குக் கால வாய்மொழி வரலாற்றைத் தொகுத்தல் உடனடித் தேவையாகும். அது தமிழரிடம் மட்டுமன்றி, இங்கு வந்து உழைத்துத் திரும்பியோரிடமும், அவர்தம் மொழியறிந்தோர் துணையுடன் தொகுக்கப்படவேண்டும். செம்பாக்கத்தின் அவ்வடுக்ககம் இப்போது கட்டி முடிக்கப்பட்டு மக்கள் குடியேறிவிட்டனர். சானடோரியம் என்னும் சொல் பொருளிழந்து நிலையப் பெயரானதற்கு இரண்டு தலைமுறை பிடித்தது. ஊரடங்கு என்னும் சொல் அவ்வாறு பொருளிழப்பதற்கு அவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு உறுதி இல்லை.